பசுவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்குப் போய், ஒக்டோபர் பதினெட்டாம் திகதிக்குப் பிறகு எங்கள் பசுவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பொன்னையா அண்ணனிடம் கேட்டார்.

எங்காவது பயணம் போகிறீர்களா என்று அண்ணன் கேட்டார். இல்லை, அன்றைக்குக் கர்த்தர் வருகிறார், எங்களை உயிரோடு பரலோகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், பசுவை எடுக்க மாட்டார் என்று இவர் விளக்கினார். நீங்கள் முருகனைக் கும்பிடுகிறவர், அதனால் இங்கேதான் இருப்பீர்கள், இந்த லயத்தில் எனக்கு நம்பிக்கையான ஆளும் நீங்கள்தான் என்றும் சொன்னார். வாசலில் நின்ற எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. இருபத்தொன்பது வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது.

பொன்னையா அண்ணன் கோபப்படவில்லை.

"எத்தனை நாளைக்கு?" என்றார்.

"என்னைக்குமே."

"கார்த்திகையில கன்னு போடுமே. கன்னு யாருக்கு?"

"நீங்களே வச்சுக்கங்க."

அது நியாயம் என்பதுபோல் அண்ணன் தலையாட்டினார். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்கு வரவில்லை என்று வேலையை மேற்பார்க்கிற கங்காணி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அடுத்ததாகக் கேட்டார். மேலே போய்விட்டார்கள் என்று சொல்லும்படி இவர் சொன்னார். அப்படிச் சொன்னால் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு மாறிப் போய்விட்டதாக நினைத்துக்கொள்வார்களே என்றார் அண்ணன். அதைப் பற்றி இவர் யோசித்திருக்கவில்லை.

அந்தப் பசுவை நாங்கள் அண்ணன் வீட்டிலிருந்துதான் கன்றாக வாங்கினோம். அவர்கள் வைத்த லெட்சுமி என்ற பேரை நாங்கள் மாற்றவில்லை. எங்கள் வீட்டில் ஞானஸ்நானம் வாங்காத ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் குழாயடியில் மீனம்மா மதினி என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் பொன்னையா அண்ணனின் பெண்சாதி, சுற்றி வளைத்துப் பேசுகிற வழக்கம் இல்லாதவள். "நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே கூரைத் தகரம் தானே ஜோசப்பின். ஒரு பக்கத்தை மட்டும் எப்புடித் தூக்குவாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

இது எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே பிள்ளை. ஷிராணி. இருபத்தாறு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இஸ்ரேலுக்குப் போனாள். ஹைஃபா என்ற ஊரில் எண்பத்தெட்டு வயது அம்மா ஒருவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிற வேலை. நல்ல மனுஷி என்றுதான் ஷிராணி சொல்வாள். போன ஜூன் மாதம் அங்கே சண்டை தொடங்கியது. பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் இவர் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தொடவில்லை, நான் கொழுந்துக் கூடையைத் தொடவில்லை.

வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே சைரன் ஊதும். "அப்பா, பாட்டியக் கூட்டிக்கிட்டு கீழ போறேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள். பிறகு திரும்பக் கூப்பிடும் வரைக்கும் நாங்கள் போனை மேசைமேல் வைத்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். இவர் போனைப் பிடித்துக்கொண்டார். ஹைஃபாவில் என்ன நடக்கிறது என்று அதில் தேடினார். போன் செய்தியைக் காட்டிவிட்டு, கேட்காமலே கோட்டுப் போட்டுப் பிரசங்கம் பண்ணுகிற ஒரு ஊழியக்காரரையும் காட்டியது. அந்த ஆள் உலகப் படத்தில் அம்புக்குறி போட்டு, இந்த நாடு வடக்கிலிருந்து வரும், அந்த நாடு கிழக்கிலிருந்து வரும், எல்லாம் வேதத்தில் முன்னமே எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னார். குரல் மட்டும் நல்ல குரல். தைரியமான குரல். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் தைரியமாகப் பேசியது அவர் ஒருவர்தான்.

சண்டை நின்றது. இவர் நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து கத்தோலிக்கராக ஆண்டவர் என்று சொன்ன வாய், அந்த ஊழியக்காரரைப் போலக் கர்த்தர் என்று சொல்லத் தொடங்கியது. மூன்று வேளையும் அந்த ஊழியக்காரரைப் பார்த்தார். அவர் கணக்குப் போட்டு ஒரு திகதியும் சொன்னார், ஒக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை. எங்கள் தோட்டத்து அந்தோனியார் கோயிலுக்கு மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் ஃபாதரிடம் நான் முறையிட்டேன். அந்த நாளை ஆண்டவர் யாருக்கும் சொல்லவில்லை அன்டன் என்று ஃபாதர் இவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வந்து, ஃபாதருக்கு ஆறு தோட்டத்துக் கோயில், நியூஸ் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது என்றார்.

கடைசியில், கழுவித் தேய்த்த வெள்ளைச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அன்றைக்குப் போட்டுக்கொள்வதற்காக ஆணியில் தொங்கவிட்டார். கூரை ஒழுகுகிற இடத்தைப் பார்க்கச் சொன்னால், ஒக்டோபர் வரைக்கும் தாங்கும் என்றார். வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் நட வேண்டிய பாத்தியைப் புல் மண்ட விட்டார். நானே கொத்தி நானே நட்டேன். யார் வந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தானே போக வேண்டும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். குடிக்கிற புருஷனோடு வாழ்கிறவர்கள் இந்த லயத்திலேயே இருக்கிறார்கள், இது அதைவிடப் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஆகஸ்ட் மாதத்தில்தான்.

ஷிராணியின் ஒப்பந்தம் ஒக்டோபரோடு முடிகிறது. ஊருக்குத் திரும்புகிறாளா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாளா என்று அந்த வீட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் வேண்டும். போனில் இதைச் சொல்லிவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்கப்பா?" என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஏறிய விமானம் மறைவதற்கு முன்னாலேயே வந்துவிடு என்று சொல்லத் தொடங்கியவள் நான். தினமும் சொல்கிற வார்த்தைக்கு மதிப்பு இருக்காது. அப்பா வா என்றால் வருவாள். அப்பா இரு என்றால் இருப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படி.

இவர் வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அதற்கு அவசியம் இருக்காது, அதற்கு முன்னால் கர்த்தர் வந்துவிடுவார் என்றார்.

சரிப்பா, அப்ப கையெழுத்துப் போட்டு வைக்கிறேன், போட்டாலும் ஒண்ணுதானே என்றாள். சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். இன்னும் இரண்டு வருஷம். அந்த ஊரில் மறுபடி சைரன் ஊதாது என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

அன்றைக்கு இவரோடு நன்றாகச் சண்டை பிடித்தேன். மீனம்மா மதினிக்குச் சுவர் வழியாக எல்லாம் கேட்டிருக்கும். இவர் சத்தம் போடவே இல்லை. "ஒரே நிமிஷத்துல எடுக்கப்படுவோம் ஜோசப்பின். அவ அங்கருந்து, நாம இங்கருந்து. நடு வானத்துல பார்த்துக்குவோம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றால், எனக்கு மேற்கொண்டு திட்ட வாய் வரவில்லை.

பதில் சொல்ல வேண்டிய கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்த வியாழக்கிழமை, அவர் பகல் சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். காலையில் போனைப் பார்த்துக்கொண்டே புறப்பட்டால் அப்படித்தான். நாங்கள் பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்ததும், ரொட்டியையும் சம்பலையும் எடுத்துக்கொண்டு அவர் கவ்வாத்து வெட்டுகிற ஆறாம் நம்பர் மலைக்குப் போனேன்.

கவ்வாத்து வெட்டிய மலையை முதல்முறை பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள். பச்சையாக இருந்த மலை முழுக்க முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சியாக நிற்கும். நான்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அப்படி வெட்டினால்தான் செடி மறுபடி நன்றாகத் துளிர்க்கும். எங்கள் பக்கத்தில் முழுக்க மொட்டையாக வெட்டமாட்டார்கள். ஒவ்வொரு செடியிலும் ஒரு கொப்பை மட்டும் இலையோடு விடுவார்கள். புதுத் துளிர் வரும்வரைக்கும் செடி அந்த ஒரு கொப்பை வைத்து உயிர் பிழைக்கும். கங்காணி வந்து பார்ப்பதும் அதைத்தான்.

இவர் வேலையில் கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். கத்தி ஒரே வெட்டில் சாய்வாக இறங்கும். ஒவ்வொரு செடியிலும் எந்தக் கொப்பை விடலாம் என்று குனிந்து பார்ப்பார். நோய் பிடித்ததை விடமாட்டார். நல்ல கொப்பாகப் பார்த்து, அதன்மேல் கத்தி படாமல் இடது கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றதை வெட்டுவார். நான் ஒரு பத்துச் செடிக்கு நின்று பார்த்தேன். ஒன்றில்கூட அவர் அவசரப்படவில்லை.

"இதை ஏங்க விடுறீங்க?" என்று கேட்டேன்.

"எதை?"

"இந்தக் கொப்பை."

தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி கேட்கிற கேள்வியா என்பதுபோல் பார்த்தார். "எல்லாத்தையும் வெட்டுனா செடி செத்துப் போயிரும்ல."

"துளிர் எப்ப வரும்?"

"ஐப்பசி கடைசியில லேசா வரும். கொழுந்து எடுக்கத் தை ஆகும்."

"தையில யாரு எடுக்கிறது?"

அவர் கத்தியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது, வேறு ஒன்றும் இல்லை. "நீங்க போயிருவீங்க. நானும் வாறேன்னே வைங்க. பிள்ளையும் அங்கருந்து வந்துரும். அப்ப எதுக்கு இது? வெட்டிருங்க. நான் கங்காணிக்கிட்டச் சொல்லிக்கிறேன்" என்றேன்.

அவர் கத்தியைத் தூக்கினார். கோபத்தில்தான் தூக்கினார், வெட்டிவிடுவார் என்றே நினைத்தேன். கை அப்படியே நின்றது. பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"பாவம்ல" என்றார்.

"செடிக்குப் பாவம் பார்க்கிறீங்க. பிள்ளைக்கிட்ட வான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறீங்க."

அவர் வெட்டிப் போட்ட கொப்புகளின்மேல் உட்கார்ந்துவிட்டார். ரொட்டியை நீட்டினேன், வாங்கிக்கொண்டார், சாப்பிடவில்லை. என்னைப் பார்க்காமல் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஜூன்ல சொன்னேன். ஒனக்குத் தெரியாது, நீ கோயிலுக்குப் போயிருந்த. வந்துரும்மா, இப்பவே வந்துருன்னு சொன்னேன். எப்புடிப்பா வாறது, எயார்போர்ட்ட மூடிட்டாங்களேன்னு அழுதா. நான் சொல்லி அவ வர முடியாமப் போச்சு ஜோசப்பின். இன்னொரு தடவை அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. மூட முடியாத வழி அது ஒண்ணுதான்."

மேலே காட்டினார்.

இரண்டு மாதமாக நான் அவரைத் திட்டிய திட்டு எல்லாம் ஞாபகம் வந்தது. இந்த மனுஷனுக்கு விசுவாசம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். முற்றியது விசுவாசம் இல்லை. பயம்தான். என்னிடம் இருந்த அதே பயம். நான் அதைத் தினமும் வாய்விட்டுச் சொல்லித் தீர்த்துக்கொண்டேன், அவர் அதற்கு ஒரு திகதி வைத்துக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தூரத்தில் நின்ற கங்காணி, வீட்டில் யாருக்கோ சுகமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் வேறு பக்கம் போய்விட்டார்.

"எயார்போர்ட் இப்பத் தொறந்துதாங்க இருக்கு" என்றேன் கடைசியாக.

அவர் ரொட்டியைச் சாப்பிட்டார். எழுந்து அடுத்த செடிக்குப் போனார். நல்ல கொப்பாகப் பார்த்து ஒதுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷிராணி கூப்பிட்டாள். காகிதம் மேசைமேல் இருக்கிறது, பாட்டி தூங்கி எழுந்ததும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. இவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஷிராணி."

"சொல்லுங்கப்பா."

"கர்த்தர் வர்ற நேரத்துக்கு வரட்டும். நீ முந்தி வந்துரும்மா."

லைன் போய்விட்டதோ என்று இவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப பதினெட்டாம் திகதி?" என்றாள்.

"அதை அவரு பார்த்துக்குவாரு."

அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான். பாட்டிக்கு வேறு ஆள் தேடிக்கொண்டு, இவளுக்கு டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். துபாய் வழியாக வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவது ஒக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை, காலை எட்டு முப்பத்தைந்து. நானும் பார்த்தேன். அவரும் பார்த்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சில விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நல்லது என்று அந்த வாரத்தில்தான் நான் படித்திருந்தேன்.

செப்டம்பர் முழுக்க அவர் அந்த ஊழியக்காரரையும் பார்த்தார், விமான நிலையத்துச் செய்தியையும் பார்த்தார். கூரைக்குத் தகரம் போட்டார். ஷிராணியின் கட்டிலுக்கு நேர்மேலேதான் ஒழுகியது.

ஒக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை பகல், கட்டுநாயக்காவுக்குப் புறப்படுவதற்கு முன்னால், லெட்சுமியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு இவர் பொன்னையா அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவளுக்கு வயிறு நன்றாக இறங்கியிருந்தது. இவர் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். பொன்னையா அண்ணன் சட்டையைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு?" என்றார்.

"ரெண்டு நாளைக்கு."

"போன தடவை என்னைக்குமேன்னீங்க."

"நாளைக்குப் பின்னேரம் வந்துருவோம்ணே. பிள்ளையோட."

அண்ணன் கயிற்றை வாங்கிக்கொண்டார். கன்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. மீனம்மா மதினி உள்ளேயிருந்து வந்து, ஷிராணிக்கு என்று ஒரு பையில் முறுக்குக் கொடுத்தாள். பிறகு இவரைப் பார்த்து, தகரம் போட்டபோது தங்கள் பக்கத்தையும் சேர்த்துப் போட்டதால் இப்போது ஒழுகவில்லை என்றாள். அது எனக்கே தெரியாது. இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கட்டுநாயக்காவில் நின்றோம். எங்களைப் போல நிறையப் பேர் கம்பிக்கு வெளியே நின்றார்கள். எட்டு முப்பத்தைந்து ஆனது. ஒன்பது ஆனது. விமானங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தைப் பின்னால் சாய்த்து, இவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. என்ன கேட்டார், யாரை எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. ஜூன் மாதத்தில் போனைப் பார்த்த அதே பார்வை. எனக்குத் தாங்கவில்லை.

"அந்தக் கதவால தாங்க வருவா" என்றேன், கையைத் தொட்டு.

அவர் தலையைக் குனிந்து கதவைப் பார்த்தார். அது திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒன்பது இருபதுக்கு ஒரு தடவை அது திறந்தபோது, இரண்டு பெட்டியைத் தள்ளிக்கொண்டு, கொஞ்சம் மெலிந்து, ஷிராணி வந்தாள். எங்களைத் தேடினாள். இவர் கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் மேலே பார்க்கவில்லை.